கரி அடுப்பும் ஒரு அரியரும்

மார்கழி மாசத்துல அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல நின்னு பார்த்திருக்கீங்களா? இருபது டிகிரிக்கே பாதி பேர் மஃப்ளர், மீதி பேர் மங்கி குல்லா! நாம குளிருக்குப் பழக்கப்பட்ட ஜனங்க இல்லை. அப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு ஊட்டிப் பனியில நிறுத்துறதுக்கு ஒரு வேன் ரெடி பண்ணினோம். அதுல நான் பண்ணின ஒரு வேலையைப் பத்திதான் இந்தக் கட்டுரை. பெருமையா சொல்லிக்கிற விஷயம் இல்லை. ஆனா உங்ககிட்ட சொல்லியாகணும்.

என் மாமாவுக்கு எஸ்டேட்ல சின்னதா ஒரு பாடி பில்டிங் பட்டறை. ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்தி ஏத்தி ஓய்ந்துபோன பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, ரெண்டு அடுக்குப் படுக்கை, ஒரு சிங்க், அறுபது லிட்டர் தண்ணி டேங்க், சின்ன பம்ப்னு நகரும் வீடாவே ஆக்கிட்டார். (ஆர்.சி. புக்குல மாற்றம் எல்லாம் முறையா ஏத்தியாச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கதை தனிக் கட்டுரை.) முதல் டிரிப் பொங்கல் லீவுல ஊட்டிக்கு. மாமா, அத்தை, எட்டாவது படிக்கிற பாப்பா, ஆயா, நான்.

"மாப்ள, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே... குளிராம இருக்க என்ன பண்ணணும்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார் மாமா. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல எனக்கு ஒரு அரியர் இருக்குங்கிற உண்மை அவருக்குத் தெரியாது. ஹெச்.எம்.டி. டேட்டா புக்கை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன்.

வேன் உள்கூடு நாலு மீட்டர் நீளம். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 36 சதுர மீட்டர். வெறும் தகரமா இருந்தா, வெளியே பூஜ்யம், உள்ளே 18 டிகிரி வேணும்னா ஏறக்குறைய 4,000 வாட் வெளியே ஓடிட்டே இருக்கும். பத்து மணி நேரத்துக்கு 40 யூனிட்! அப்போ ரெண்டு மாசத்துக்கு நம்ம வீட்டுக்கு இலவசமா வந்துக்கிட்டிருந்த 100 யூனிட்டை ரெண்டரை ராத்திரியில காலி பண்ணிடும் அந்த வேன். தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவுல ஒரு இன்ச் தெர்மகோல் வச்சா, ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்துக்கூட 1,000 வாட் பக்கத்துல நின்னுடும். சரி, பத்து யூனிட்.

அந்தப் பத்து யூனிட்டுக்கு எங்கே போறது? வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுற 150 ஏ.ஹெச். பேட்டரியை முழுசா உறிஞ்சினாலும் ரெண்டு யூனிட் தேறாது. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்னா ராத்திரிக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும், கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய். இன்ஜினை ஐடிலிங்ல விட்டா மணிக்கு ஒரு லிட்டர்னு வைங்க, அதைவிட அதிகம். வெளிநாட்டு கேரவன்ல எல்லாம் டீசல் ஹீட்டர் இருக்கும். மணிக்குக் கால் லிட்டர்கூட வேண்டாம், புகையும் தனிக் குழாய் வழியா வெளியே போயிடும். விலையைக் கேட்டதும் மாமா போனை வச்சுட்டார்.

அப்போதான் அடுப்புக்கரி ஞாபகம் வந்தது. ஒரு கிலோ கரிக்குள்ள எட்டு யூனிட் அளவுக்குச் சூடு இருக்கு. ரெண்டு கிலோ கரி நூறு ரூபாய். ஆயாவோட குமுட்டி அடுப்பு பரண்ல சும்மாத்தானே கிடக்குது? "நூறு ரூபாய்ல முடிஞ்சுது மாமா!" என்றேன். அரியர் வச்சவன் வாயிலிருந்து அப்படி ஒரு கம்பீரம்!

அதோடு நின்னேனா? சூடு வெளியே போகக் கூடாதுன்னு சிலிக்கான் ட்யூப் நாலு வாங்கி, தரையில, ஜன்னல் ஓரத்துல, வயர் போற இடத்துல இருந்த சந்து பொந்தையெல்லாம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அடைச்சேன். கதவுக்கு ரப்பர் பீடிங் வேற. கதவைச் சாத்தினா காது அடைக்கிற மாதிரி 'டப்'னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் பட்ட சந்தோஷம் இருக்கே!

தலைகுந்தாவுல மாமாவோட பழைய பட்டறை சிநேகிதர் வீட்டு வாசல்லதான் வண்டியை நிறுத்தினோம். ஊட்டியிலேயே உறைபனி நல்லா விழுற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. மேகம் இல்லாம, காத்து அசையாம இருக்கிற ராத்திரியில நிலம் தன்னோட சூட்டை வானத்துப் பக்கம் விட்டுடும். குளிர்ந்த காத்து பள்ளத்துல வந்து தேங்கும். தேயிலை கருகுறது அப்படித்தான். பொட்டானிக்கல் கார்டன்ல பூச்செடிகளை மலார் செடியால மூடி வைக்கிறாங்க, விடிகாலையில புல்வெளிக்கு ஸ்பிரிங்ளர்ல தண்ணி அடிக்கிறாங்க. செடிக்கு இவ்வளவு ஏற்பாடு.

சிநேகிதர் வண்டியைச் சுத்தி வந்து பார்த்துட்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "தண்ணியை ராத்திரியே இறக்கிடுங்க." நாங்க கேட்கலை. அறுபது லிட்டர் உறையணும்னா எவ்வளவு நேரம் ஆகும்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேனே! டேங்க் உறையலைதான். ஆனா வண்டிக்கு அடியில விரல் தடிமன்ல ஒரு ஹோஸ் ஓடுதே, அதை என் கணக்குல சேர்க்கவே இல்லை. தண்ணி ஐஸ் ஆகும்போது ஒன்பது சதவீதம் பெருக்கும். காலையில பார்த்தா பம்ப் பக்கத்து ஃபில்டர் கிண்ணம் விரிஞ்சு கிடந்தது. செலவு எண்ணூறு ரூபாய். ஆனா காலையில அந்த பம்பைப் பத்திக் கவலைப்படுற நிலைமையில நாங்க யாருமே இல்லை.

ராத்திரி பத்து மணிக்குக் குமுட்டியை வெளியே வச்சுப் பத்த வைச்சோம். புகையெல்லாம் அடங்கி, கரி நல்லா செக்கச்செவேல்னு ஆனதும் உள்ளே கொண்டுவந்தோம். "புகையே இல்லை பாரு" என்றார் மாமா. வண்டி கதகதன்னு ஆச்சு. அத்தை சால்வையைக் கழற்றியே வச்சுட்டாங்க. நான் போர்வைக்குள்ள சிரிச்சுக்கிட்டே தூங்கினேன்.

ஒரு மணி இருக்கும். பாப்பா எழுந்து தலை வலிக்குதுன்னு அழுதா. அப்புறம் வாந்தி. "ஹேர்பின் பெண்டு ஒத்துக்கலை" என்றாங்க அத்தை. எனக்கும் மண்டை இடிச்சது. ஏழாயிரம் அடி உயரம், அதனாலதான்னு நானே சொல்லிக்கிட்டேன். மாமா எழுந்திருக்கப் பார்த்துட்டு, "என்னடா கால் துவளுது..." என்று மறுபடி உட்கார்ந்தார். ஆயாவைக் கூப்பிட்டா 'ம்'னு மட்டும் சத்தம் வருது, கண்ணைத் திறக்கலை.

எல்லாருக்கும் ஒரே நேரத்துல எப்படித் தலை வலிக்கும்? அந்த ஒரு கேள்வி என் மண்டையில வர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சத்தியமா தெரியலை. வந்ததும் கதவை எட்டி உதைச்சேன். மாமாவும் நானும் ஆயாவைத் தூக்கி வெளியே போட்டோம், ஆமா, போட்டோம்னுதான் சொல்லணும். எல்லாரும் வெள்ளை வெள்ளையா பனி படர்ந்த புல் மேலே உட்கார்ந்து மூச்சு விட்டோம்.

சிநேகிதர் தன்னோட ஜீப்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். ஆயாவுக்கும் பாப்பாவுக்கும் ஆக்சிஜன் வைச்சாங்க. டாக்டர் எங்க முகத்தைப் பார்த்ததுமே கேட்ட முதல் கேள்வி, "கரி எங்கே வச்சிருந்தீங்க?"

கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல ஆசையா இதைப் பிடிச்சுக்கும். புகை இல்லாத கரியில இருந்தும் வரும், பதில் சொல்றதுக்கு வாயே எழாது. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில இதை நான் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துறது. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரா பக்கத்துல ரோட்டோரம் நின்னுக்கிட்டிருந்த ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஏ.சி.க்காக ஓடின ஜெனரேட்டரோட புகை, வண்டித் தரையில இருந்த ஓட்டை வழியா உள்ளே ஏறியிருக்கு. கோழிக்கோடு என்.ஐ.டி. ஆட்கள் அதே வண்டியில சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சாங்க. அந்தச் செய்தியை எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புக்கு ஃபார்வர்டு பண்ணினதே நான்தான்! ஜெனரேட்டர் வேண்டாம்னு மனசுல பதிஞ்சது. ஓட்டையை அடைக்கணும்னும் பதிஞ்சது. அதே வருஷம் ஆகஸ்ட்ல கொடைக்கானல்ல கரி அடுப்பை அறைக்குள்ள வச்சுட்டுத் தூங்கின ரெண்டு இளைஞர்கள் செத்துப்போனது மட்டும் ஏனோ பதியலை. அங்கே ஓட்டை இருந்ததால ஆபத்து உள்ளே வந்தது. நான் ஆபத்தை உள்ளே வச்சு ஓட்டையை அடைச்சேன்.

திரும்பி வந்து மறுபடியும் டேட்டா புக்கைப் புரட்டினேன். படுத்துத் தூங்குற ஒரு ஆளோட உடம்பு 70, 80 வாட் சூடு விடும். அஞ்சு பேர்னா கிட்டத்தட்ட 400 வாட். ஒரு இன்ச் தெர்மகோலும் ஆளுக்கு ரெண்டு கம்பளியும் இருந்தா, கொஞ்சம் காத்து போக வழி விட்டாலும் அந்த ராத்திரியைத் தள்ளியிருக்கலாம். அடுப்பே தேவைப்பட்டிருக்காது. செலவு? ரெண்டு கம்பளி கூடுதலா வாங்கற காசு.

மாமா என்னைத் திட்டவே இல்லை. அது வேற கஷ்டமா இருந்தது. அடுத்த ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லி டிரில் மிஷினைக் கையில கொடுத்தார். நான் அடைச்ச இடத்தை விட்டுட்டு, சைலன்சர் இல்லாத பக்கத்துல கீழே ஒண்ணு, கூரையில ஒண்ணு, வலை போட்ட ரெண்டு காத்து வழி. உள்ளே கதவுக்கு மேலே ரெண்டாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். தண்ணி இறக்க அடியில ஒரு வால்வு. குமுட்டி மறுபடி பரணுக்குப் போயிடுச்சு. அரியர் இன்னும் அப்படியே இருக்கு.

வேன் இப்போ வீட்டு வாசல்லதான் நிக்குது. ஏறி உட்கார்ந்ததும் ஆயா முதல்ல பண்ற வேலை, கீழே குனிஞ்சு அந்த வலை மேலே உள்ளங்கையை வச்சுப் பார்க்கிறது. அப்புறம் என்னைப் பார்த்து, "வருதுடா" என்பாங்க.