செங்கல் சுட்ட சிற்றூர்

மண்ணாலும் மரத்தாலும் பெயர் பெற்ற ஊர்கள் பல. ஆலங்குடி, புளியங்குடி, பனையூர் என நம் முன்னோர் பெயரிட்டனர். மலாய் மக்களும் ஆற்றையும் குன்றையும் முன்னிட்டே சுங்கை என்றும் புக்கிட் என்றும் தம் ஊர்களை அழைத்தனர். தொழிலால் பெயர் பெற்ற ஊர்களோ மிகச் சிலவே. கோலாலம்பூரின் தென்பால், கிள்ளான் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் பிரிக்பீல்ட்ஸ் அச்சிலவற்றுள் ஒன்று. செங்கல் அறுக்கும் களம் என்பதே அப்பெயரின் பொருள். சீனர் இவ்வூரைப் பதினைந்தாம் கல் என்று பொருள்படும் தம் மொழிப் பெயரால் அழைப்பர். தமிழரோ ஆங்கிலப் பெயரையே தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டனர். இன்று அங்குச் செல்வோர் பூக்கடையையும் புடவைக் கடையையும் காண்பரேயன்றி ஒரு சூளையையும் காணார்.

சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது 1880இல். தலைநகர் என்ற சொல் பெரிது, ஊரோ சிறிது. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற குடிசைகளே அன்றைய கோலாலம்பூர். அத்தாப்பு மலிவானது, வெயிலுக்கு இதமானது. ஆயின் ஒரு தீப்பொறிக்கு ஆற்றாதது. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுந்த பெருந்தீ ஊரைத் தின்றது. தீ விட்டுவைத்ததை அவ்வாண்டே வந்த வெள்ளம் கொண்டு சென்றது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டும் வீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டே எழவேண்டும் என வற்புறுத்தினார். கோலாலம்பூர் என்னும் பெயர்க்குச் சேறு மலிந்த கூடல் என்று பொருள் உரைப்பர். அச்சேற்றையே சுட்டு நகராக்க வேண்டிய காலம் வந்தது. பிரிக்பீல்ட்ஸின் அண்டையிலேயே கம்போங் அத்தாப் என்றோர் இடம் இருப்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. எரிந்த கூரையின் பெயரும் எரியாத சுவரின் பெயரும் அருகருகே வாழ்கின்றன.

கையால் செங்கல் அறுக்கும் முறை எந்நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. தஞ்சையிலும் தொண்டை நாட்டிலும் சூளை கண்டவர்க்கு அதனை விளக்க வேண்டா. ஆற்றோரக் களிமண்ணை வெட்டி, நீரூற்றி ஊறவிட்டு, கல்லும் வேரும் களைந்து, பதம் வரும்வரை மிதிக்கவேண்டும். மிதித்த மண்ணை மர அச்சில் அடித்து, மணல் தூவிய களத்தில் வரிசையாகக் கவிழ்க்கவேண்டும். பச்சைக்கல் உலர்வதற்கு வெயில் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கிலோ நண்பகலுக்குப்பின் எந்நேரமும் மழை இறங்கும். ஒருநாள் உழைப்பைக் கரைத்துவிட ஒரு நாழிகை மழை போதும். ஆகவே கூரைக் கொட்டகையின்றி இங்குச் செங்கல் தொழில் இல்லை. உலர்ந்த கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, விறகிட்டு, இரவும் பகலும் நெருப்புக் குன்றாமல் காக்கவேண்டும். நெருப்புக் குறைந்தால் கல் வேகாது. மிகுந்தால் உருகி உருக்குலையும். நெருப்பின் நிறத்தைக் கண்டே பதம் சொல்லும் சூளைக்காரன் எழுத்தறியாதவனாயினும் ஒரு கலையறிந்தவன்.

1897இல் நிறைவுற்ற அரசுச் செயலகக் கட்டடம், இன்றைய சுல்தான் அப்துல் சமாட் மாளிகை, ஏறத்தாழ 40 இலட்சம் செங்கற்களை விழுங்கியது என்பர். ஒரு கட்டடத்தின் பசியே இத்தகையதெனின், நகர் முழுவதன் பசிக்கு எத்துணைச் சூளைகள் எரிந்திருத்தல் வேண்டும்!

இச்சூளைகளை நடத்தியவர் யாவர்? பிரிக்பீல்ட்ஸ் என்றதும் தொடக்கம் முதலே தமிழர் ஊர் என மார்தட்டுவார் உளர். அது முழு உண்மை அன்று. இங்கிருந்த சூளைகளுள் ஒன்றை நிறுவியவர், கோலாலம்பூரின் ஐந்தாவதும் இறுதியானதுமான சீனக் காப்பித்தான் யாப் குவான் செங். பிறர் வியர்வையையும் நம்முடையதென எழுதிக்கொண்டால், நம் வியர்வைக்குரிய இடத்தைக் கேட்கும் உரிமை குறைந்துவிடும். மாணவர்க்கு ஊர் வரலாறு சொல்லும் ஆசிரியர் இதனை மறைத்தல் தகாது.

தமிழர் இவ்வூரில் வேரூன்றியது இருப்புப்பாதையோடுதான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் மறுகரையிலுள்ள புக்கிட் கூடாவரை 1886இல் இரயில் ஓடியது. 1890இல் பாலம் அமைந்து கிள்ளான் நகரையே அடைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய கிள்ளான் துறைமுகம். பாதை நீள நீளப் பணிமனையும் சரக்கு நிலையமும் பெருகின. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேயின் பெருங்கூடமாயிற்று. காடு வெட்டவும், சல்லி கொட்டவும், தண்டவாளம் சுமக்கவும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். கணக்கெழுதவும் நிலையம் நடத்தவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். 1891இல் இலங்கைப் பொதுப்பணித் துறையிலிருந்து சிலாங்கூருக்கு வந்து, பின்னர் இரயில்வேயின் தலைவரான ஸ்பூனருக்கு அவர்தம் ஆங்கிலக் கல்வியும் பணித்திறனும் முன்னமே தெரிந்திருந்தன. மிஷன் பள்ளிகள் யாழ்ப்பாணத்தில் விதைத்த கல்வி, கடல் கடந்து இங்கே சம்பளமாக விளைந்தது.

இரு திறத்தாரும் பேசியது தமிழே. ஆயினும் கிராணியின் வீட்டு வாசலுக்கும் தண்டவாளக் கூலியின் லயத்து வாசலுக்கும் இடையே நெடுந்தொலைவு இருந்தது. ஒரே ஊதல் ஒலிக்கு எழுந்து ஒரே நிலையத்துக்கு நடந்தவர்கள், கோயிலுக்குச் செல்லும்போது வேறு வேறு தெருவில் நடந்தார்கள். இதனைச் சொல்லாமல் ஒற்றுமை பாடுவோர் வரலாற்றை எழுதுவதில்லை, வாழ்த்துப்பா எழுதுகிறார்கள்.

நகரம் நெருங்கி வரச் சூளைகள் அவிந்தன. சரக்கு வண்டிகள் நின்ற நிலத்தின்மீது 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் சாலை துன் சம்பந்தன் சாலை ஆயிற்று. 2010இல் இப்பகுதி லிட்டில் இந்தியா எனத் திறந்து வைக்கப்பட்டது. 1904இல் நிறுவப்பட்ட விவேகானந்த ஆசிரமத்தின் வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளிவந்தபோது பொதுமக்கள் திரண்டு எதிர்த்தனர். 2016இல் அது மரபுரிமைச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. சூளைக்காக எவரும் திரளவில்லை. திரளவேண்டிய நாளில், அது இருந்த இடத்தைக் காட்டுவதற்கு ஒரு செங்கல்லும் அங்கு நிற்கவில்லை.