அடிமரத்து முடிச்சு

சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்புறம். சாலைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட புல்தரையில் கிளைகளை விரித்து நிற்கிறது ஒரு தூங்குமூஞ்சி மரம். காலை ஏழரை மணி. இரவெல்லாம் மடங்கிக் கிடந்த இலைகள் விரிந்துவிட்டன. லாரியின் பின்பக்கத்திலிருந்து ஐந்து பேர் இறங்குகிறார்கள். நடைபாதையின் இரு முனையிலும் ஆரஞ்சுக் கூம்புகளை வைக்கிறார்கள். மஞ்சள் நாடா கட்டுகிறார்கள். நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு சிமெண்டு இருக்கை. அங்கிருந்து பார்த்தால் மரம் அடிமுதல் நுனிவரை தெரிகிறது. பேச்சும் காதில் விழுகிறது.

வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரவகை 1876இல் இங்கே கொண்டுவரப்பட்டது. இன்று சிங்கப்பூரின் சாலை நிழலில் பெரும்பங்கு இதனுடையது. நிழல் தரும் கிளைக்குக் கனமும் உண்டு. மேல்கிளைகளின் முதுகில் பறவைக்கூட்டுப் பெரணிகள் குடியேறியிருக்கின்றன. மழையைக் குடித்துவிட்டால் அவை அசைக்க முடியாதபடி கனத்துவிடும். சாலைக்கு மேலே நீண்ட இரண்டு கிளைகள் பட்டுப்போயிருக்கின்றன. அவற்றை வெட்டி இறக்கத்தான் ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஈரத்தரையில் தூக்குக்கூடை வண்டி நிற்காது. கயிறுதான் வழி.

ஐவரில் மூத்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். மற்றவர்கள் ‘அண்ணே’ என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. இளையவன் ஒருவன் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். தலைக்கவசத்தில் கீறலே இல்லை. அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே அவன் கண்கள் அவர் கைக்குப் போய்விடுகின்றன.

முதலில் மேலே போவது ஒரு மெல்லிய நூல். அதன் முனையில் ஈயக்குண்டு நிறைத்த சிறு பை. இளையவன் அதைக் கால்களுக்கு நடுவே ஊசலாட்டி எறிகிறான். ஒரு முறை இலைக்குள் சிக்குகிறது; ஒரு முறை தவறான கிளையில் விழுகிறது. பிறகு 15 மீட்டர் உயரத்தில், அடிமரத்தை ஒட்டிய தடித்த கவையைத் தாண்டி விழுகிறது. யாரும் கைதட்டவில்லை. அண்ணன் தொலைநோக்கியில் அந்தக் கவையை நிதானமாகப் பார்க்கிறார். பட்டையில் வெடிப்பு உண்டா, அடியில் காளான் உண்டா என்று தேடுகிறார். அதற்குப் பிறகே நூலின் முனையில் 12 மில்லிமீட்டர் கயிறு கட்டப்பட்டு மேலே ஏறுகிறது.

கயிறு கவையைச் சுற்றி இரு பக்கமும் தொங்குகிறது. ஒரு பக்கத்தில் ஆள் ஏறுவார். மறுபக்கத்தை அடிமரத்தில் கட்ட வேண்டும். கருவிகளோடு 80 கிலோ உள்ள ஒருவர் ஒரு பக்கம் தொங்கினால் மறுபக்கமும் அதே அளவு கீழே இழுக்கும். கவையின் மேல் விழும் பாரம் 160 கிலோவை நெருங்கும். பட்டையில் கயிறு உரசுவதால் கொஞ்சம் குறையலாம். அதைக் கணக்கில் வைத்து ஏறுவது அறிவீனம். அதனால் இருவர் ஒன்றாகக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிறார்கள். இலைகள் லேசாக நடுங்குகின்றன. கவை அசையவில்லை.

“நீ கட்டு” என்று கயிற்றின் முனையை இளையவனிடம் நீட்டுகிறார் அண்ணன்.

அவன் அடிமரத்தைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்து முடிச்சுப் போடுகிறான். அழகான கை, தயக்கம் இல்லை. முடிச்சை இழுத்து இறுக்குகிறான். பின்வாங்கி நிற்கிறான்.

“பிடிக்குமா?”

“பிடிக்கும்ணே.”

“பிடிக்கும். நாலு பேர் தொங்குனாலும் பிடிக்கும். நான் மேல போய் மயங்கிட்டேன்னு வை. என்னை எப்படி இறக்குவ?”

அவன் முடிச்சைப் பார்க்கிறான். கவையைப் பார்க்கிறான். “மேல ஏறி வந்து…”

“ஹார்னஸ் மாட்டி, இன்னொரு கயிறு எறிஞ்சு, ஏறி வரதுக்குள்ள நான் எந்த நெலமையில இருப்பேன்?”

பதில் இல்லை. அவனிடம் பதில் இருக்காது என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். முகத்தில் கோபம் இல்லை.

இடுப்புப் பட்டையில் அசைவின்றித் தொங்கும் உடம்புக்கு நேரம் மிகக் குறைவு. கால் தசைகள் வேலை செய்யாதபோது இரத்தம் கால்களில் தேங்குகிறது. இதயத்துக்கும் மூளைக்கும் போவது குறைகிறது. அறுவை இயந்திரம் பட்டுக் காயமும் இருந்தால் நிமிடங்கள்கூட நீளமானவை. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்கலாம் என்பது கீழே நிற்பவரின் கணக்கு. தொங்குபவரின் உடம்பு அந்தக் கணக்குக்குக் காத்திராது. பாரம் ஏறிய முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியாது. அறுத்தால் ஆள் விழுவார். எந்தப் பாரத்துக்கும் அசையாத முடிச்சு அந்த நேரத்தில் ஓர் உயிரை மேலேயே பிடித்து வைத்துவிடும்.

இளையவன் போட்டதை அண்ணன் அவிழ்க்கிறார். அடிமரத்தில் ஒரு பட்டைவாரைச் சுற்றி, அதில் அகன்ற வாயுள்ள கொக்கி ஒன்றை மாட்டுகிறார். கயிற்றை அந்தக் கொக்கியில் ஒரு திருப்பும் ஒரு மடிப்பும் போட்டுக் கோக்கிறார். மலையேறிகள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் முடிச்சு. சுவிட்சர்லாந்தின் வெர்னர் முன்டர் பெயரால் வழங்குவது. கயிறு தன்னைத் தானே உரசிக்கொண்டு வேகத்தைத் தின்னும். வாலைப் பிடித்தால் நிற்கும், தளர்த்தினால் இறங்கும். கையை முழுதாக விட்டால் ஓடிவிடும் என்பதால் அதன்மேல் ஒரு பூட்டு வேண்டும். வாலை வளையமாக மடித்து, பாரம் தாங்கும் கயிற்றைச் சுற்றி, இழுத்தால் உருவிக்கொண்டு வரும் விதமாக முடிகிறார். அந்த வளையத்தைக் கொண்டு பாரக்கயிற்றின்மேல் இன்னொரு காப்பு முடிச்சு. காற்றிலோ கால் இடறியோ தானாக அவிழாது. அறிந்த கை தொட்டால் மூன்று அசைவில் அவிழும்.

மீதிக் கயிறு பையில் கிடக்கிறது. “எவ்வளவு இருக்கணும்?” என்கிறார். இளையவன் விரல் விடுகிறான். மேலே போக 15, அந்தப் பக்கம் இறங்க 15, ஆளைத் தரைவரை விட இன்னொரு 15. “நாப்பத்தஞ்சு. கட்டுறதுக்குக் கொஞ்சம் கூட.” அவர் தலையசைக்கிறார். பை அறுபது மீட்டர்ப் பை.

ஒத்திகைக்கு மற்றொருவர் ஏறுகிறார். அவருடைய கைவேலையையும் சொல்ல வேண்டும். தடித்த கயிற்றின்மேல் 8 மில்லிமீட்டர்ச் சிறுகயிற்றைச் சுருள்சுருளாகச் சுற்றி, இரு முனைகளையும் பின்னல்போல் மாற்றி மாற்றிக் குறுக்கே கொண்டுவந்து கொக்கியில் சேர்க்கிறார். இவர்கள் ‘வி.டி.’ என்று சுருக்கிச் சொல்லும் பிடிமுடிச்சு; இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் பெயர் தாங்கியது. சுருள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி விரலால் நீவுகிறார். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். முடிச்சு கவ்வுகிறது. அதன் தலையைக் கையால் அழுத்துகிறார். சுருள்கள் தளர்ந்து அவர் மெல்ல இறங்குகிறார். கையை எடுக்கிறார். நின்றுவிடுகிறார்.

இவ்வளவு எளிதாகத் தெரியும் இந்த அசைவுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக்கின் பெயர் பெற்ற பிடிமுடிச்சு 1931இல் அச்சில் வந்தது. பாரம் விழுந்தால் உடும்புப்பிடி. பாரத்தை எடுத்தால்தான் நகரும். மலையில் கயிறு ஏற அது போதும். மரத்தில் வேலை செய்பவர் ஏறுவார், இறங்குவார், கிளைவழி பக்கவாட்டில் நடப்பார், திரும்புவார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே முடிச்சு விட்டுக்கொடுக்க வேண்டும். ஹைன்ஸ் புரோஹாஸ்கா 1981இல் வெளியிட்ட ஒரு முடிச்சு இதற்கு உதவியது. ஜேசன் பிளேக் என்ற அமெரிக்க மரமேறி தானாகக் கண்டுபிடித்து 1994இல் எழுதிய பிறகே அது உலகம் முழுவதும் மரவேலைக்காரர்களிடம் பரவி, பிளேக் முடிச்சு என்றே நிலைத்தது. பின்னல் முடிச்சுகள் அதைவிட இலகுவாக விடும். ஒற்றைக் கயிற்றில் முழு எடையும் ஒரே முடிச்சின்மேல் விழும், அப்போது வி.டி.கூட இறுகிப்போகும். அதனால் முடிச்சுக்கு மேலே ஒரு சிறு உலோகக் கருவி. கயிற்றை வளைத்துப் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. வேகமாக இறங்கினால் உரசலில் சூடேறும். நைலான் 220 பாகை செல்சியஸை ஒட்டியே உருகத் தொடங்கும் என்பதால் சிறுகயிற்றின் உறை சூடு தாங்கும் அராமிடு இழையால் நெய்யப்பட்டது. அந்த உறை பளபளத்துக் கெட்டியாகியிருக்கிறதா என்று ஏறுபவர் நகத்தால் கீறிப் பார்க்கிறார். நல்ல பழக்கம்.

அவர் 10 மீட்டர் உயரத்தை எட்டுகிறார். “மயங்கியாச்சு!” என்று குரல் கொடுத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிடுகிறார். தலை ஒரு பக்கம் சாய்கிறது. நடிப்பு என்று தெரிந்தும் பார்ப்பவர் வயிறு ஒரு கணம் இறுகுகிறது.

இளையவன் அடிமரத்துக்கு ஓடுகிறான்.

“ஓடாத. பாரு முதல்ல.”

நின்று மேலே பார்க்கிறான். ஆளுக்கும் தரைக்கும் நடுவே கிளை இல்லை. இடுப்புக் கயிறு எந்தக் கிளையையும் சுற்றி மாட்டியிருக்கவில்லை. மாட்டியிருந்தால் அடியில் எவ்வளவு தளர்த்தினாலும் ஆள் வரமாட்டார். அப்போது ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். கையுறை மாட்டுகிறான். காப்பு முடிச்சை நீக்குகிறான். இடது கையால் வாலை இறுகப் பிடித்து வலது கையால் உருவுகிறான். பூட்டு தெறிக்கிறது. மேலே இருப்பவர் ஒரு சாண் கீழே வந்து நிற்கிறார். இளையவனின் தோள்கள் விறைக்கின்றன. அந்த ஒரு சாணில் அவனுக்குப் புரிந்திருக்கும்: இந்த உடம்பின் எடை இப்போது தன் கையில் இருக்கிறது.

“மூச்சு விடு. மெதுவா குடு.”

கயிறு கொக்கிக்குள் முறுக்கிக்கொண்டு போகிறது. 10 மீட்டர், 8, 5. சத்தமில்லாமல் ஒரு மனிதர் மரத்திலிருந்து இறங்கி வருகிறார். பிடிமுடிச்சு அவரைக் கயிற்றோடு கவ்வியிருக்கிறது. கயிறே கவையின்மேல் நழுவுகிறது. இருவர் கீழே நின்று அவர் கால்களை வாங்கிப் புல்லில் கிடத்துகிறார்கள். அவர் கண்ணைத் திறந்து, “தரைக்கிட்ட கொஞ்சம் வேகம்டா” என்கிறார். எல்லாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்கிறார்கள்.

தேநீர் வருகிறது. பிளாஸ்டிக் பைகளில் கட்டிய தே-ஓ. மரத்தின் வேர்மேல் உட்கார்ந்து குடிக்கும்போது இளையவன் தானாகப் பேசுகிறான். ராமநாதபுரத்துக்காரன். “எங்கப்பா பனையேறி. மேல இருக்குறப்ப கீழ ஆள் யாரும் நிக்கமாட்டாங்கண்ணே. விழுந்தா நாய் குரைச்சாத்தான் தெரியும்.”

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள், மார்பும் முழங்கையும் காய்த்துப்போன உடம்பு. மேலிருந்து தாங்கும் கயிறு இல்லாமலே பருவம் முழுவதும் தினமும் ஏறி இறங்கும் திறமைக்கு ஈடாக எந்த நாட்டு மரமேறியையும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் திறமை முழுவதும் ஒரே உடம்புக்குள் இருக்கிறது. அந்த உடம்பு ஒரு கணம் தவறினால் வேறு யாரும் குறுக்கே வர முடியாது. கவையில்லாத பனைக்கு எறிநூல் உதவாது. மட்டைகளை நம்பிக் கயிறு போடவும் கூடாது. அங்கே வேறு கருவி வேண்டும். கீழே ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு மட்டும் எந்தக் கருவியும் வேண்டாம். பதநீருக்குக் கிடைக்கும் விலையில் அந்த இரண்டாவது ஆளுக்குக் கூலி இல்லை என்பதுதான் பனங்காட்டின் உண்மையான பள்ளம். இங்கே மரத்தடியில் நிற்பவருக்கும் சம்பளம் உண்டு. அதனாலேயே இந்த முடிச்சுக்கு அர்த்தம் உண்டு. ஏறுபவர் தனக்காகப் போடும் முடிச்சு மேலே இருக்கிறது. அடிமரத்து முடிச்சு மற்றவருக்காகப் போடுவது.

இனி நிஜ வேலை. அண்ணன் ஹார்னஸை மாட்டிக்கொள்கிறார். வி.டி.யைக் கட்டி, நீவி, பாரம் போட்டுப் பார்க்கிறார். அறுவை இயந்திரம் தனிக்கயிற்றில் தொங்குகிறது. வெட்டும்போது இடுப்புக் கயிற்றையும் கிளையில் மாட்டி இரண்டு பிடியோடு இருப்பார். அப்போது கீழிருந்து இறக்க முடியாது என்பதால், ஏறித் தயாராக நிற்க இன்னொருவர் இரண்டாவது கயிற்றோடு ஹார்னஸ் மாட்டுகிறார். ஒரு வழி அடைபடும் நேரத்துக்கு மறுவழி.

பட்டைவாரை எடுத்துக்கொண்டு இளையவன் அடிமரத்துக்குப் போகிறான். சற்றுமுன் கட்டிய இடத்திலேயே கட்டப்போனவன் நின்றுவிடுகிறான். மரத்தைச் சுற்றி வருகிறான். அறுந்த கிளை அடித்துக் கயிறு வெட்டுப்பட்டாலோ, கிளைக் குவியலுக்கு அடியில் கொக்கி புதைந்தாலோ என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

“அண்ணே, கிளை எந்தப் பக்கம் விழும்?”

“ரோட்டுப் பக்கம்.”

“அப்ப நான் கால்வாய்ப் பக்கம் கட்டுறேன்.”

“கட்டு. கட்டிட்டுக் கூப்பிடு, வந்து பாக்குறேன்.”