'வேகமா' என்றால் எவ்வளவு வேகம்?

"சாமி கம்பீரமா இருக்கணும்" என்று மட்டும் சொன்னால் மாமல்லபுரத்துச் சிற்பிக்குப் போதாது. 'உத்தம தசதாளம்' என்றால் போதும். சிலையின் உயரம் 124 பங்கு. முகம் முதல் பாதம் வரை ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரியில், மென்பொருள் எழுதும் பெண்ணுக்கு வாடிக்கையாளரின் தேவை ஆவணம் வருகிறது: "ஆப் வேகமாக இயங்க வேண்டும்." 2 நொடியா, 10 நொடியா?

இப்படிப்பட்ட ஆவணங்களின் தரத்தை அளக்க 1990-களில் நாசா ஒரு கருவி செய்தது. 'போதுமான', 'முடிந்தவரை', 'பின்னர் முடிவாகும்' போன்ற நழுவல் சொற்களை அது எண்ணும். எண்ணிக்கை கூடினால், கேட்டுத் தெளிய வேண்டியது அவ்வளவு பாக்கி.

கல்லில் தவறாக வெட்டியது ஒட்டாது. மென்பொருளைத் திருத்தலாம்தான், ஆனால், அது அந்தப் பெண்ணின் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடும். "எத்தனை நொடி?" என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.