சாவி யார் கையில்?

கிரிப்டோ பக்கம் என்னை இழுத்தது ஆசைதான். 2021-இல் அலுவலகத்தில் எந்நேரமும் பிட்காயின் விலைப் பேச்சு. நமக்கும் நாலு காசு வராதா என்ற நினைப்பு எனக்கும் வந்தது. பணம் போடுவதற்கு முன் அக்கா மகனிடம் போய் உட்கார்ந்தேன். "விலையை அப்புறம் பாக்கலாம் மாமா, முதல்ல இந்த வார்த்தையெல்லாம் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க" என்றான்.

பிளாக்செயினில் தொடங்கினான். சீட்டுக் கணக்கு ஒருவர் நோட்டில் மட்டும் இருந்தால் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். சீட்டுப் போட்ட அத்தனை பேர் வீட்டிலும் அதே நோட்டு இருந்தால், ஒருவர் ஒரு வரியைத் திருத்தினாலும் மற்ற நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயின் அப்படிப்பட்ட பொதுக் கணக்கு. அதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு பிளாக். முந்தைய பிளாக்கின் 'ஹாஷ்' என்ற கைரேகை அடுத்த பிளாக்கில் பதிந்திருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் மாறிச் சங்கிலி அறுந்துவிடும்.

இப்படிப்பட்ட கணக்கில் இயங்கும் பிட்காயின் பற்றிய யோசனை சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபரில் வெளியானது; 2009 ஜனவரி 3-இல் அதன் முதல் பிளாக் உருவானது. சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் சேர்கிறது. அதைச் சேர்க்கக் கணினிகள் போடும் போட்டிதான் மைனிங். ஜெயித்தவருக்குப் புதிய பிட்காயின் பரிசு. ஆரம்பத்தில் 50 ஆக இருந்த பரிசு ஏறக்குறைய 4 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. மொத்த பிட்காயின் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது.

வாலட் என்றால் காசு போனுக்குள் இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காசு இருப்பது பிளாக்செயினில். வாலட்டில் இருப்பது சாவி. காசு வந்து சேரும் அட்ரஸை யாருக்கும் கொடுக்கலாம். பிரைவேட் கீ என்ற அந்தச் சாவியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதை மீட்க உதவும் சொல் வரிசைதான் சீட் ஃபிரேஸ்.

என் போனில் வாலட் செயலியைத் திறந்ததும் சீட் ஃபிரேஸாக 12 ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வந்தன. "ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், பேப்பர்ல எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். தன் வாலட்டிலிருந்து எனக்குச் சிறு தொகை அனுப்பினான். அது வந்து சேர்ந்ததும் என் போனிலிருந்து வாலட்டையே அழித்துவிட்டான்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. செயலியை மறுபடி இறக்கி அந்த 12 சொற்களையும் வரிசை மாறாமல் அடிக்கச் சொன்னான். அடித்தேன். தொகை அப்படியே இருந்தது. "இந்தப் பேப்பர் யார்கிட்ட இருக்கோ, காசு அவங்களுது" என்றான்.

கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் காசை விட்டுவைத்தால் சாவி அவர்களிடம். டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் திவாலானபோது, சுமார் 8,50,000 பிட்காயின் காணாமல் போயிருந்தது. அதில் காசு வைத்திருந்தவர்கள் பல ஆண்டுகள் காத்துக்கிடந்தார்கள்.

பிறகு ஒருநாள், வாலட்டைச் சரிபார்க்க வேண்டும், 12 சொற்களையும் சொல்லுங்கள் என்று ஒரு போன் வந்தது. குரலில் அவ்வளவு மரியாதை. ஆனாலும் நான் யோசிக்கவே இல்லை, வைத்துவிட்டேன். ஏமாந்திருந்தால் என் காசைத் திருப்பிவிட பிளாக்செயினில் மேனேஜர் கிடையாது.

இந்தியாவில் லாபத்துக்கு 30% வரி உண்டு. விலை ஒரே நாளில் சரியும். அதெல்லாம் தெரிந்தும் இறங்குவது அவரவர் விருப்பம். ஆனால் சாவி யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள். பதில் புரியும்வரை ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.