பன்னிரண்டு செக்கன்கள்



கொம்பியூட்டரில் விமானம் ஓட்டி விளையாடும் மகனை நித்தமும் ஏசுபவன் நான். கணிதத்தில் அவனுக்குப் புள்ளி குறைந்த அன்று கையும் ஓங்கிவிட்டேன்.

ஒருநாள் இரவு, "வாப்பா, நீங்களும் ஓட்டிப் பாருங்களேன்" என்றான். திரையில் ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானம். அதை ஏற்றி இறக்கும் சுக்கான் முன்பக்கத்தில் இருக்கிறது. சற்றுக் கூடுதலாக இழுத்தேன். மூக்கு நிமிர்ந்தது, மறுகணமே விமானம் நிலத்தில் விழுந்தது. ஏழு தடவை விழுந்தேன். மகன் சிரிக்கவில்லை. "மெதுவாக, வாப்பா" என்று மட்டும் சொன்னான்.

மூத்தவர் வில்பர் ரைட்டும் 1903 டிசம்பர் 14இல் இப்படித்தான் மூக்கை அதிகம் உயர்த்தி, மூன்றரைச் செக்கனில் விழுந்தார். விமானம் சேதமடைந்தது. இருவரும் பழுது பார்த்தார்கள். 17ஆம் திகதி தம்பி ஓர்வில் ஏறினார். 12 செக்கன்களில் 120 அடி பறந்தார்.

விழுந்ததற்கும் பறந்ததற்கும் இடையே மூன்றே நாட்கள். என் மகன் விழுந்தபோது அந்த மூன்று நாட்களைக்கூட நான் அவனுக்குக் கொடுக்கவில்லை.

சகோதரிகளே, அடுத்த தவணைப் புள்ளி அறிக்கை வீட்டுக்கு வரும்போது நான் சொல்லவிருப்பது ஒன்றுதான்: "மெதுவாக, மகன்." நீங்களும் சொல்லிப் பாருங்கள்.