நெட்டித் தொப்பி

பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்குகையில், அவற்றுக்குப் பின்னால், பழைய வேட்டியொன்றில் பொதியப்பட்டுத் தாத்தாவின் சோலாத் தொப்பி கிடைத்தது. கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்தவர் அவர். அப்பணி 1934இல் முடிந்தது. தஞ்சாவூரில் இன்றும் அந்தக் கால்வாய்க்குப் புது ஆறு என்றே பெயர். தாத்தாவை நான் பார்த்ததில்லை. தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு புகைப்படம்தான் எனக்குத் தெரிந்த தாத்தா.

முதல் நாளே பிழை செய்தேன். காக்கித் துணியில் படிந்திருந்த கறையைக் காணப் பொறாமல், ஈரத் துணியால் விளிம்பை அழுத்தித் துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்தேன். மாலையில் இடப்பக்க விளிம்பு அலைபோல் நெளிந்திருந்தது. அழுத்தினால் உள்ளே ஏதோ ஏடுகள் ஒன்றையொன்று விட்டு நழுவுவது விரலுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் எலிக்கும் கரப்பானுக்கும் தப்பியது என் சுத்தத்துக்குத் தப்பவில்லை.

அது நெட்டி என்பதை அதன் பிறகே அறிந்தேன். சோலா என்பது வங்கத்தில் அத்தாவரத்துக்கு வழங்கும் பெயர். சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலி ஒத்திருந்ததால், வெள்ளையரில் பலர் அதை வெயில் தொப்பி என்றே மயங்கினர். அது இல்லாமல் வெளியே போனால் மூளை கலங்கிவிடும் என்ற அச்சமும் அவர்களிடம் இருந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1944இல் எழுதிய பத்தியொன்றில் இந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று எள்ளுகிறார். வயலில் வெறுந்தலையோடு நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது தாத்தாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மாட்டுப் பொங்கலன்று எங்கள் பக்கத்தில் மாடுகளின் கழுத்தில் கட்டும் மாலையும் இதே நெட்டிதான். அதே தண்டு அதிகாரியின் தலைக்கு ஏறியதும் ஊர் வரப்பைவிட்டு இறங்கி நின்றிருக்கிறது.

தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெட்டியில் பெரிய கோயில் செய்யும் கைவினைஞர் ஒருவரிடம் தொப்பியை எடுத்துச் சென்றேன். கையில் வாங்கியதும் எடை பார்ப்பவர்போல் ஏந்திப் பார்த்துவிட்டு, "தண்ணி காட்டினீங்களா?" என்றார். மருத்துவர் முன் நிற்கும் குற்ற உணர்ச்சி எனக்கு. தண்டைச் சீவிய மெல்லிய ஏடுகளை அச்சின்மேல் பசையிட்டு அடுக்கி, மேலே துணி போர்த்தியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் நெட்டி உப்பும், பசை இளகும், உலரும்போது ஒவ்வோர் ஏடும் ஒவ்வொரு திசையில் இழுக்கும். கம்பளி ரோமத்தாலான ஃபெல்ட் தொப்பியென்றால் கொதிநீர் ஆவியில் காட்டிக் கையாலேயே வடிவுக்குக் கொண்டுவரலாம். நெட்டி அதற்கு இடங்கொடாது.

பிறகு எல்லாம் உலர்முறைதான். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில், தூசியைத் தட்டினேன். விளிம்பின் அடியிலுள்ள பச்சைத் துணிக்கு மட்டும் இரண்டு மாலைகள் ஆயின. உள்ளே நெற்றியைச் சுற்றிய தோல்பட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னவர்கள் பலர், கேட்கவில்லை. எண்ணெய் துணிக்கு ஊறும், பூச்சியை அழைக்கும். வியர்வைக் கறையையும் விட்டுவிட்டேன். துவைத்த கோராத் துணியை உருட்டித் தொப்பியின் உட்குழிவில் கொடுத்து, விளிம்பு எதன்மேலும் படாதபடி அட்டைப் பெட்டியில் இருத்தினேன். பிளாஸ்டிக் உறை கூடாது. ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மூலையில், தொப்பியைத் தொடாமல், வசம்பு முடிச்சு ஒன்று.

எஞ்சியது உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்த பள்ளம். காலத்தின் தழும்பு என்று அதை மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை வந்தார். எண்பத்தைந்து வயது. தொப்பியை வாங்கவில்லை, பள்ளத்தில் மட்டும் விரல் வைத்தார்.

"இது நான் உக்காந்து விழுந்த பள்ளம்டீ. ஆறு வயசு எனக்கு. வாரால அடிச்சாரு எங்கப்பா. மூணு நாள் நடக்க முடியல. நீதான் என்னென்னவோ பண்றியே, இதையும் நிமித்திடேன்."

வகுப்பில் பாடபேதங்களைப் பற்றிப் பேசும்போது, ஏடுகளிலிருந்த வேறுபாடுகளை மறைக்காமல் அடிக்குறிப்பில் காட்டிய உ.வே.சா.வின் நேர்மையைச் சொல்பவள் நான். பழம்பொருளின் காயத்தை ஆற்றுவது வரலாற்றை அழிப்பது என்று அத்தையிடமும் சொல்லத் தொடங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காயம் தொப்பிக்கா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலாம்.

வாரந்தோறும் தொலைபேசியை வைக்குமுன் அதைத்தான் கேட்கிறார்: "சரி பண்ணிட்டியா?" சென்ற ஞாயிறு மீண்டும் கைவினைஞரிடம் போனேன். மேல்துணியைப் பிரித்தால் பள்ளத்தை உள்ளிருந்து எடுத்துவிடலாம் என்றார். ஆனால் பிரித்த துணியைத் திரும்பப் போட முடியாதாம், நைந்துபோயிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை. மேசைமேல்தான் இருக்கிறது.