காரைக்கு அடியில் பிரெஸ்லாவ்

வ்ரோட்ஸ்வாஃப் நகரின் நதோட்ஜே பகுதியில் நடப்பவர்கள் கண்ணைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நான்கு மாடிக் குடியிருப்புகளில் காரை பெயர்ந்த இடங்களிலெல்லாம் ஜெர்மன் எழுத்துகள் எட்டிப் பார்க்கின்றன. ஒரு சுவரில் ரொட்டிக் கடைக்காரரின் பெயர் பாதி தெரிகிறது. அடுத்த தெருவில் நிலக்கரி விற்றவரின் விளம்பரம். எழுதியவர்களின் பேரப் பிள்ளைகள் இந்தத் தெருக்களில் இல்லை. கீழே நடமாடுகிறவர்கள் பெரும்பாலும் போலிஷ் பேசுகிறார்கள்.

போலந்தின் தென்மேற்கில், ஓடர் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். 1945 வரை இதன் பெயர் பிரெஸ்லாவ். போருக்கு முன் ஆறு லட்சத்துக்கும் அதிகமான மக்கள், ஏறக்குறைய எல்லாரும் ஜெர்மானியர்கள். போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அவர்களில் சில ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள். ஊர்கள் அழிந்த கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். போரில் தப்பிய கட்டடமும் ஆறும் பாலமும் அப்படியே இருக்க, வசித்தவர்கள் முழுதாக மாறிப்போன பெருநகரம் ஒன்றில் நடப்பது இதுவே முதல்முறை.

வெளியேற்றம் ஜெர்மானியர்களின் ஆணையிலேயே தொடங்கியது. ஹிட்லர் இந்த நகரைக் கோட்டையாக அறிவித்திருந்தார். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது நாஜி மாவட்டத் தலைவர் கார்ல் ஹன்கே பெண்களையும் குழந்தைகளையும் ஊரைவிட்டு உடனே கிளம்பச் சொன்னார். ரயில்கள் போதவில்லை. உறைபனியில் கால்நடையாகப் போனவர்களில் பலர், கைக்குழந்தைகள் உட்பட, வழியிலேயே இறந்தார்கள். முற்றுகை பிப்ரவரி நடுவிலிருந்து மே 6 வரை நீடித்தது; பெர்லினே சரணடைந்த பிறகும் பிரெஸ்லாவ் சரணடையவில்லை. இன்று கிருன்வால்ட் சதுக்கத்தில் டிராம்கள் திரும்பும் இடத்தில் அன்று வீடுகளையும் தேவாலயங்களையும் இடித்து விமான ஓடுதளம் போட்டார்கள். மக்களைச் சாகும்வரை போரிடச் சொன்ன ஹன்கே கடைசியில் விமானமேறித் தப்பினார். இதை அறிந்த பிறகு அந்தச் சதுக்கத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் போட்ஸ்டாம் மாநாட்டில் வென்ற நாடுகள் வரைபடத்தை விரித்தன. போலந்தின் கிழக்குப் பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது. ஈடாக ஓடர், நைசே ஆறுகளுக்குக் கிழக்கே இருந்த ஜெர்மன் நிலங்கள் போலந்து நிர்வாகத்துக்கு வந்தன. ஒரு நாட்டை அப்படியே தூக்கி மேற்கே நகர்த்தி வைத்தார்கள். கோடு நகர்ந்தால் அதன் மேல் வாழ்ந்தவர்களும் நகர்ந்தாக வேண்டும். இந்தியாவில் நமக்கு அது 1947-ல் தெரிந்தது. இங்கே இரண்டு வருடம் முன்னதாக.

நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய பெற்றோர் லிவிவ் நகரத்துப் பக்கம், இன்றைய உக்ரைனில், ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர்கள். சரக்கு ரயிலின் திறந்த பெட்டியில், மாட்டோடும் தையல் மெஷினோடும் பல வாரம் பயணம் செய்து வந்தார்களாம். ஒதுக்கப்பட்ட வீட்டுக்குள் போனால், அங்கே ஜெர்மன் குடும்பம் இன்னும் இருந்தது. சில மாதங்கள் இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சமைத்தன. “எங்கம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது, அந்தம்மாவுக்குப் போலிஷ் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் வீடு போய்விட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்” என்றார். பிறகு அந்தக் குடும்பமும் ரயிலேற்றப்பட்டது.

“அப்பா கூரையை ஒழுங்காகச் சரிசெய்யவே இல்லை. ஜெர்மன்காரன் திரும்பி வருவான், எதற்கு வீண் செலவு என்பார்.” 1970-ல் மேற்கு ஜெர்மனி புதிய எல்லையை ஏற்று வார்சாவில் ஒப்பந்தம் போடும் வரை அந்த அச்சம் ஊர் முழுக்க இருந்தது. கால் நூற்றாண்டு மூட்டையைப் பிரிக்காமல் வாழ்ந்த மக்கள். அரசாங்கமோ இவை ‘மீட்கப்பட்ட நிலங்கள்’, மிகப் பழங்காலத்தில் போலந்து மன்னர்களிடம் இருந்தவை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஜெர்மன் பெயர்ப் பலகைகள் அகற்றப்பட்டன. கல்லறைத் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. இடிந்த வீடுகளின் செங்கல் ரயில் ரயிலாக வார்சாவைத் திரும்பக் கட்டப் போனது. நம்முடையது என்று உறுதியாக நம்பியிருந்தால் இப்படிச் செங்கல்லை உருவி அனுப்பியிருப்பார்களா என்று தோன்றியது.

வந்தவர்கள் தங்கள் பழைய ஊரையும் துண்டு துண்டாகக் கொண்டுவந்தார்கள். நகர மன்றத்தின் முன்னால், பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் குதிரைமேல் நின்ற இடத்தில், இன்று நாடகாசிரியர் அலெக்சாண்டர் ஃபிரெட்ரோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். லிவிவில் 1897-ல் வைத்த சிலை அது. 1956-ல் இங்கே வந்து சேர்ந்தது. ஒசொலினியும் என்ற பெரும் நூலகத்தின் ஒரு பகுதியும் லிவிவிலிருந்து வந்ததுதான். கணிதம்கூட வந்தது. லிவிவின் ‘ஸ்காட்டிஷ்’ காபிக் கடையில் கணிதர் ஸ்டெஃபான் பனாக்கும் நண்பர்களும் ஒரு நோட்டில் தீராத கணக்குகளை எழுதிவைப்பார்கள். விடை சொல்பவருக்குக் காபியோ உயிருள்ள வாத்தோ பரிசு. பனாக் 1945 ஆகஸ்டில் லிவிவிலேயே இறந்துபோனார். அவருடைய தோழர் ஹூகோ ஸ்டெய்ன்ஹவுஸ் இங்கே வந்தார். 1946-ல் வ்ரோட்ஸ்வாஃப் கணிதர்கள் ‘புதிய ஸ்காட்டிஷ் நோட்’ ஒன்றைத் திறந்தார்கள். ஊரை இழந்தவர்கள் விட்ட கணக்கிலிருந்து தொடர்ந்ததை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

எல்லாவற்றையும்விட வியக்க வைத்தது ரத்ஸ்வாவித்சே வட்ட ஓவியம். 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம். 1794-ல் போலந்துத் தளபதி கொஷ்ச்சூஷ்கோ தலைமையில் அரிவாள் ஏந்திய உழவர்கள் ரஷ்யப் படையை வென்ற போர்க்களத்தின் நடுவில் நாம் நிற்கிறோம். தரையில் போட்டிருக்கும் உண்மையான மண்ணும் வண்டிச்சக்கரமும் எங்கே முடிந்து ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடுவதில்லை. 1946-ல் லிவிவிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த இந்தத் துணி, ரஷ்யர்கள் தோற்கும் காட்சி என்பதால் 1985 வரை பொதுமக்கள் கண்ணில் படவேயில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடியேறியவர்களில் லிவிவ்காரர்கள் சிறுபான்மைதான். பெரும்பாலோர் மத்திய போலந்தின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்; அவர்களுக்குச் சிலையும் இல்லை, ஓவியமும் இல்லை. 1947-ல் தென்கிழக்குப் போலந்திலிருந்து உக்ரைனியர்களையும் லெம்கோ மக்களையும் சுமார் 1,40,000 பேரை ‘விஸ்வா நடவடிக்கை’ என்ற பெயரில் ராணுவம் பெயர்த்து, மேற்கிலும் வடக்கிலும் சிதறவிட்டது. நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்கள் பல்லாயிரம் பேர் இந்த மாநிலத்தில் வாழ்வைத் திரும்பத் தொடங்கினார்கள். 1968-ல் அரசே கிளப்பிய யூத வெறுப்பில் அவர்களிலும் பலர் வெளியேறினார்கள். இந்த ஊரில் யூதர்களின் ‘வெள்ளை நாரை’ தொழுகைக்கூடம் 2010-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்டிருக்கிறது.

தேவாலயங்கள் நிறைந்த ஓஸ்ட்ருஃப் தும்ஸ்கி பகுதிக்குப் போகும் வழியில் ஆயர் போலெஸ்வாஃப் கோமினெக்கின் சிலை. 1965-ல் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தை வரைந்தவர் அவர். மன்னிக்கிறோம் என்றதோடு நிற்காமல், எங்களையும் மன்னியுங்கள் என்று கேட்டது அந்தக் கடிதம். நாஜிகள் போலந்தில் செய்ததை மறக்க முடியாத மக்கள் கொதித்தார்கள். கம்யூனிஸ்ட் அரசு கோமினெக்கைத் துரோகி என்றது. என் பார்வையில் இந்த ஊர் வந்தவர்களின் சொந்த ஊராக ஆகத் தொடங்கியது அந்தக் கடிதத்திலிருந்துதான். 2008-ல் கிராபிஷின்ஸ்கி பூங்காவில், அழிக்கப்பட்ட கல்லறைகளின் எஞ்சிய கற்களைப் பதித்து ஒரு நினைவுச் சுவர் எழுப்பினார்கள். அங்கே ஜெர்மன் பெயர்கள் மறைவில்லாமல் நிற்கின்றன.

இப்போது டிராமில் உக்ரைனிய மொழியும் சகஜமாகக் காதில் விழுகிறது. 2022-ல் ரஷ்யா படையெடுத்தபோது இந்த நகரத்தின் ரயில் நிலையத்தில் தாய்மார்களும் குழந்தைகளும் வந்து குவிந்தார்கள். அவர்களில் பலர் லிவிவ் வழியாக வந்தவர்கள். வீட்டுக்கார அம்மா மாடி அறையை அப்படி வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இன்றைய உக்ரைனில் இருக்கும் வொலீனியாவில் உக்ரைனியப் படைக்குழுக்கள் போலிஷ் கிராமங்களில் செய்த படுகொலை இங்கே இன்னும் ஆறாத புண். உக்ரைனியர்களுக்கு இடம் கொடுத்ததற்காக அந்த அம்மாவின் அண்ணனே அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். “அண்ணன் சொல்வதும் பொய்யில்லை” என்றார். “ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடணுமே.” மறுநாள் காலை அந்த வேலையாகத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.